பெயருக்குள் ஒரு பெயர்: பிரெஞ்சுக் கனடியரின் குலவழித் தேட்டம்



மொன்றியல் நகரில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் எழுதிய கடிதமே இன்றைய உரைக்குக் காரணமாயிற்று. அவர் வேலைபார்க்கும் இடத்தில் ஓய்வுபெறும் வயதையெட்டிய பிரெஞ்சுக் கனடியர் ஒருவர் இருக்கின்றார். ஒருநாள் மதிய உணவு வேளையில் அம்முதியவர் மடித்து வைத்திருந்த பெரிய தாளொன்றை மேசைமீது விரித்தாராம். பன்னிரண்டு தலைமுறைகள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு வரியிலும் ஒரு கணவன், ஒரு மனைவி, அவர்கள் மணம்புரிந்த ஊர், ஆண்டு. மேலேயிருந்த ஆண்டு 1650களைச் சேர்ந்தது. மாணவர் வியந்து நின்றபோது முதியவர், “உன்னுடைய குடும்பப் பெயர் எது, உன் தகப்பனாரின் பெயர் எது?” என்று கேட்டிருக்கின்றார். “இரண்டும் ஒன்றுதான்” என்று இவர் சொல்ல, முதியவருக்கு அது விளங்கவேயில்லை. பின்னர் அவர் சிரித்துக்கொண்டு, “என் பெயரும் என் முன்னோரின் பெயரன்று. அது ஒரு சிப்பாயின் பட்டப்பெயர்” என்றாராம்.

“சேர், இது எப்படி?” என்று மாணவர் எழுதியிருந்தார். கற்பித்தவனுக்குக் கேள்வி வந்தால் படித்துத்தானே ஆகவேண்டும்! படிக்கப் படிக்க, அந்த முதியவரின் ஒரு தாளுக்குப் பின்னால் ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறே மடிந்து கிடப்பது தெரியவந்தது.

1608இல் சாமுவேல் டெ சாம்ப்லேன் கியூபெக்கில் குடியேற்றத்தைத் தொடக்கினார். 1634இல் துருவா றிவியேர், 1642இல் மொன்றியல் என ஏனைய குடியிருப்புகள் எழுந்தன. 1617இல் பாரிஸ் நகர மருந்து வணிகரான லூயி எபேர் தம் மனைவி மாறி றொல்லேயுடனும் பிள்ளைகளுடனும் வந்து நிலத்தைப் பண்படுத்தினார். கனடிய மண்ணில் நிலைபெற்ற முதலாவது பிரெஞ்சுக் கமக்காரக் குடும்பம் இதுவே எனலாம். இதில் ஒரு விந்தையுண்டு. எபேரின் ஆண்வழி சில தலைமுறைக்குள் அற்றுப்போயிற்று. இன்று கியூபெக்கில் எபேர் என்ற பெயருடையோர் வேறு எபேர்களின் வழிவந்தோர். ஆனால் அவருடைய மகள் கில்மெத், கில்யோம் குயார் என்பவரை 1621இல் மணந்தாள். அவள் வழியாக எபேரின் குருதி பல்லாயிரம் குடும்பங்களிற் பரவிற்று. பெயர் அழிந்தது; குலம் அழியவில்லை. பெயரைப் பற்றிக்கொண்டு குலத்தைத் தேடுபவர் எங்கே வழுக்கி விழுவார் என்பதை இந்த முதற் குடும்பமே காட்டிவிடுகின்றது.

ஒரு சாதாரண தொழிலாளி பன்னிரண்டு தலைமுறையை எழுத்தில் காட்டுவது எவ்வாறு இயன்றது? அரச வமிசத்தாருக்கும் பிரபுக்களுக்கும் இருப்பதில் வியப்பில்லை. தச்சனுக்கும் கமக்காரனுக்கும் எவ்வாறு வந்தது? இதற்கு விடை தேவாலயப் பதிவேடு. பிரான்சில் முதலாம் பிரான்சுவா மன்னன் 1539இல் ஞானஸ்நானங்களைப் பங்குக் குருமார் பதியவேண்டுமென ஆணையிட்டான். 1667இல் பதினான்காம் லூயி பதிவேட்டை இரண்டு பிரதிகளாக எழுதவேண்டுமென விதித்தான். கனடாவில் 1679 முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஒரு பிரதி தேவாலயத்தில், மற்றையது நீதிமன்றத்தில். தேவாலயம் எரிந்தாலும் நீதிமன்றப் பிரதி எஞ்சும். அனுபவத்தாற் கற்ற பாடம் இது. 1640 ஜூனில் கியூபெக்கின் தேவாலயம் தீக்கிரையானபோது அதுவரையிலான பதிவுகள் யாவும் சாம்பலாயின. குருமார் மக்களின் நினைவைக் கேட்டுக் கேட்டு அவற்றை மீள எழுதினர். குடியிருப்பு அத்துணை சிறியதாக இருந்தமையால் அது இயன்றது.

இப்பதிவேடுகளே 1994ஆம் ஆண்டுவரை கியூபெக்கில் அரசின் குடிசார் பதிவாகவும் விளங்கின என்பது குறிப்பிடத்தக்கது. குருவானவர் எழுதியதே பிறப்பத்தாட்சிக்கு ஆதாரம். முந்நூற்றுச் சொச்சம் ஆண்டு ஒரே முறையில் எழுதப்பட்ட ஏடு உலகில் அதிகம் இல்லை. எமது நாட்டிலும் ஒல்லாந்தர் தோம்பு எழுதினர். அது தொடர்ந்திருந்தால் எம் கதையும் வேறாக இருந்திருக்கும்.

பதிவேட்டின் உயிர்நாடி திருமணப் பதிவு. அதில் மணமகன், மணமகள் பெயர்களோடு இருவரின் தகப்பன் பெயரும் தாயின் பெயரும் அவர்களின் பங்கும் எழுதப்படும். தாயின் பெயரென்றால் அவள் பிறந்த வீட்டுப் பெயர். ஆகவே ஒரு திருமணப் பதிவைக் கண்டுபிடித்தால் அடுத்த இரு திருமணங்களைத் தேடுவதற்கான திறவுகோல் கையிற் கிடைக்கின்றது. அவற்றிலிருந்து நான்கு, பிறகு எட்டு. சங்கிலி இவ்வாறு நீள்கிறது. ஆனால் துணையை இழந்தவர் மறுமணம் செய்யும்போது பெற்றோரின் பெயரைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். இறந்த துணையின் பெயரையே எழுதுவார்கள். அவ்விடத்தில் முதல் மணத்தைத் தேடிப் போகவேண்டும். கைம்பெண்கள் விரைவில் மறுமணம் செய்த குடியேற்ற நாட்டில் இது அடிக்கடி நேர்ந்தது.

ஏடு மட்டும் போதாது. மக்கள் தொகையின் இயல்பும் இதற்கு உதவிற்று. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் வந்து, நிலைத்து, வழித்தோன்றல்களை விட்டுச்சென்றோர் பத்தாயிரத்துக்கும் குறைவே. 1666இல் அரச அதிகாரி ழான் தலோன் எடுத்த முதற் குடிசன மதிப்பில் ஆதிக்குடியினர் நீங்கலாக 3,215 பேரே இருந்தனர். 1663 முதல் 1673 வரை மன்னனின் செலவில் ஏறக்குறைய 770 பெண்கள் மணம்புரிவதற்கென அனுப்பப்பட்டார்கள். ‘மன்னரின் பெண்கள்’ என்று வரலாறு இவர்களை அழைக்கின்றது. பாரிஸின் சால்பெத்றியேர் அநாதை விடுதியிலிருந்து வந்தோரும் அவர்களுட் பலர். ஊர் பேர் தெரியாத கடலைத் தாண்டி, முகம் தெரியாத ஒருவனை மணக்கப் புறப்பட்ட அந்தப் பெண்களின் மனநிலையை எந்தப் பதிவேடும் எழுதவில்லை. அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்களை மட்டும் வரிவரியாக எழுதி வைத்திருக்கின்றது. 1760இல் ஆங்கிலேயர் வென்றபோது மக்கள் தொகை ஏறக்குறைய 70,000. அதன்பின் பிரான்சிலிருந்து வருவோர் அருகினர். ஆகவே இன்றைய மில்லியன் கணக்கானோரின் வேர்கள் அந்தச் சிறிய கூட்டத்திலேயே போய் முடிகின்றன.

சக்கறி குளூத்தியே என்ற தச்சன் 1634இல் பிரான்சின் பேர்ஷ் பகுதியிலிருந்து வந்தவன். எழுதத் தெரியாதவன். ஒப்பந்தங்களில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கோடரியை வரைந்து வைத்தான். 1800ஆம் ஆண்டுவரையிலான அவனுடைய வழித்தோன்றல்களுள் மணமானவர்களை மட்டும் எண்ணினாலே 10,850 பேர் என மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அவனோடு வந்த கொத்தன் ழான் கியோனுக்கு 9,674. இருவரும் ஒரே நிலக்கிழாரின் கீழ் பக்கத்துப் பக்கத்துக் காணிகளைப் பெற்றவர்கள். குளூத்தியேயின் மகள் ஆனுக்கு 1636இல் எழுதப்பட்ட திருமண ஒப்பந்தமே கனடாவில் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது. அப்போது அவள் பத்து வயதுச் சிறுமி! சேர்ந்து வாழ்வதைச் சில ஆண்டுகள் தள்ளிவைத்திருந்தார்கள் என்பது ஓர் ஆறுதல். கியோன் என்ற பெயர் மக்கள் நாவில் திரிந்து டியோன் ஆயிற்று. உலகறிந்த பாடகி செலின் டியோனின் பெயர் இவ்வழி வந்ததே.

இனி முதியவர் சொன்ன பட்டப்பெயருக்கு வருவோம். இங்கேதான் தேடுவோர் தலையைப் பிய்த்துக்கொள்வர். பழைய ஏடுகளில் ஒருவரின் பெயர் ‘பியேர் இயூடோன் டி போலியூ’ என்று இருக்கும். ‘டி’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘எனச் சொல்லப்படுகின்ற’ என்பது பொருள். இயூடோன் என்பது குடும்பப் பெயர். போலியூ என்பது அழைக்கும் பெயர். பின்வந்தோரில் ஒரு கிளை இயூடோன் ஆயிற்று; மற்றொரு கிளை போலியூ ஆயிற்று. மிவில் குடும்பத்திலும் இவ்வாறே. பியேர் மிவில் சுவிற்சர்லாந்திலிருந்து வந்ததால் ‘சுவிஸ்காரன்’ எனப்பட்டான். அவன் மகன் ழாக் ‘தெஷேன்’, அதாவது ‘கருவாலி மரங்களுக்குரியவன்’, என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டான். இன்று மிவில்களும் தெஷேன்களும் உண்டு. ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் அந்நியரென எண்ணிக்கொண்டு ஒரே வீதியில் வாழக்கூடும்!

இலக்கண ஆசிரியனுக்கு இவ்விடம் தித்திக்கும். இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்று நன்னூலார் பகுத்தாரே, அந்தக் காரணப் பெயர்கள் இங்கே படையணியாக நிற்கின்றன. படையணி என்று சொன்னது பொருத்தமே. இப்பெயர்களுட் பெரும்பங்கு பிரெஞ்சுப் படையிலிருந்து வந்தது. ஒரு படைப்பிரிவில் பத்து ழான்கள், பன்னிரண்டு பியேர்கள் இருப்பர். ஆகவே சிப்பாய்க்கு ஒரு போர்ப்பெயர் சூட்டப்படும். 1665இல் கரினியான் சலியேர் படைப்பிரிவு ஏறக்குறைய 1,200 பேருடன் வந்தது. அவர்களுள் 400 பேரளவில் அங்கேயே தங்கிக் குடும்பம் அமைத்தார்கள். அவர்களுடனும் பின்வந்த படையினருடனும் பெயர்களும் குடியேறின. லாஃபிளேர் என்றால் மலர்; லாறோஸ் என்றால் ரோசா; லவியொலெத், லத்துலிப் என்பனவும் பூக்களே. துவக்கைத் தூக்கிய முரட்டுச் சிப்பாய்களுக்குப் பூந்தோட்டமே பெயராக வந்ததை எண்ணிப் பாருங்கள். சான்சூசி கவலையற்றவன், சான்ஷக்றன் துயரமற்றவன், ழொலிக்கேர் இனிய நெஞ்சன், வாதபொன்கேர் மனமுவந்து செல்பவன். திறான்ஷ்மொந்தாயின் என்றொரு பெயர். மலைபிளந்தான் என்று தமிழ் செய்தால் எம் மெய்க்கீர்த்திகளில் வரும் விருதுப்பெயர் போலவே ஒலிக்கிறது. அவன் பிளந்தது பெரும்பாலும் விறகாகத்தான் இருந்திருக்கும்.

ஊரால் வந்தவையும் உண்டு. லான்ஜவென் ஆஞ்சு நாட்டவன்; பொத்வென் புவாத்து நாட்டவன். சென்-ஒன்ஜ் என்று எழுதப்படும் பெயரைப் பார்ப்பவர் ‘புனித ஒன்ஜ்’ என்று ஒரு மகான் இருந்தாரென நினைப்பர். அப்படி ஒரு புனிதரே இல்லை. மேற்குப் பிரான்சில் செந்தோஞ் என்ற மாகாணத்திலிருந்து வந்தவனின் பெயர் இரண்டாக வெட்டப்பட்டு, முன்பாதி புனிதராயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரட்டைப் பெயர்கள் ஒற்றையாகச் சுருங்கின. எந்தப் பாதியை வைத்துக்கொள்வது என்பது வீட்டுக்கு வீடு மாறிற்று. முதியவரின் முன்னோர் உண்மைப் பெயரைக் கைவிட்டுச் சிப்பாயின் பெயரை வைத்துக்கொண்டனர். இச்சிக்கலை அவிழ்க்க முதலில் முனைந்தவர் சிப்றியன் தங்கே என்ற குருவானவர். 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட கனடியக் குடும்பங்களின் குலவழி அகராதி ஒரு தனிமனிதர் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு எடுத்துக்காட்டு. ஏழாம் தொகுதியின் இறுதியில் எந்தக் குடும்பத்துக்கு எந்த மறுபெயர் என்ற பட்டியல் இருக்கிறது. பிழைகளும் இடைவெளிகளும் அதில் உண்டு, பின்வந்தோர் திருத்தினர். 1930, 40களில் துறுவென் நிறுவனத்தார் பதிவேடுகளைப் படச்சுருள்களாக்கினர். 1966இல் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் இயூபேர் ஷார்பொன்னோவும் ழாக் லெகாரேயும் பழைய பதிவுகள் அனைத்தையும் கணினியில் இணைக்கும் பணியைத் தொடக்கினர். தங்கே இதைக் கண்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்.

பெண்களின் பெயர் பற்றித் தனியே சொல்லவேண்டும். பழைய ஏட்டில் பெண் பிறந்தபோதும் மணந்தபோதும் இறந்தபோதும் தன் பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுதப்பட்டாள். கணவன் பெயருக்குப் பின்னால் அவள் மறையவில்லை. என்னுடைய அம்மம்மாவின் தாயாருடைய பெயரைக் காணி உறுதிகளிலே தேடியவன் நான். ‘மேற்படியாரின் மனைவி’ என்றுதான் இருந்தது. ஆங்கில வழக்கம் ஓங்கிய காலத்தில் கியூபெக்கிலும் ‘மதாம்’ என்று கணவனின் பெயரைச் சொல்லி அழைக்கும் பழக்கம் வந்தது. 1981இல் அது சட்டத்தால் திருத்தப்பட்டது. அன்றிலிருந்து கியூபெக்கில் மணம்புரியும் பெண் தன் பிறப்புப் பெயரையே தொடர்ந்து வைத்திருக்கிறாள். பிள்ளைக்குத் தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ இரண்டையும் சேர்த்தோ இடலாம். ஆனால் இரண்டு பகுதிக்கு மேல் கூடாது. இல்லாவிடின் நாலாந் தலைமுறையில் ஒரு பிள்ளையின் பெயரை எழுத ஒரு பக்கம் வேண்டியிருக்கும்.

ஏட்டின் துணைகொண்டு தம் குருதி கலப்பற்றது என்று பெருமை பேசுவோரும் உளர். ‘தூய கம்பளி’ என்று அவர்கள் தம்மைச் சொல்வர். அந்த ஏடே அவர்களை மறுக்கின்றது. 1704இல் மசாசுசெற்சின் குறோட்டன் என்ற ஊரிலிருந்து மத்தாயஸ் ஃபார்ன்ஸ்வேத் என்ற ஆங்கிலச் சிறுவன் சிறைபிடிக்கப்பட்டுக் கனடாவுக்குக் கொண்டுவரப்பட்டான். அங்கே கத்தோலிக்கனாகிப் பிரெஞ்சுப் பெண்ணை மணந்தான். அவன் பெயரைப் பிரெஞ்சுக் குருமார் கேட்டபடி எழுத, ஃபார்ன்ஸ்வேத் ஃபார்நெத் ஆகி, ஃபானேஃப் ஆயிற்று. அவ்வாண்டே டியர்ஃபீல்டிற் பிடிபட்ட றைசிங் என்ற சிறுவனின் பெயர் றெசேன் ஆயிற்று. பேத்ரோ டா சில்வா என்ற போர்த்துக்கேயர் கடிதம் சுமந்து திரிந்தார். அவர் பெயரும் பிரெஞ்சு உடை உடுத்தது. எதிர்த்திசையிலும் இது நடந்தது. 1840 முதல் 1930 வரை ஏறக்குறைய 900,000 பேர் வேலை தேடி அமெரிக்காவுக்குப் போயினர். அங்கே றுவா ‘கிங்’ ஆனார். லெப்லான் ‘வைற்’ ஆனார். புவாவேர் ‘கிறீன்வுட்’ ஆனார். பெயரை மொழிபெயர்த்தபோது அவர்களின் மொழியும் இரண்டு தலைமுறைக்குள் போயிற்று.

அப்படிப்போன குடும்பமொன்றில், லோவெல் என்னும் ஆலை நகரில் 1922இற் பிறந்தவர்தான் ஆங்கில நாவலாசிரியர் ஜாக் கெறுவாக். வீட்டில் பிரெஞ்சு பேசி வளர்ந்த அவர், 1965இல் தம் முன்னோரைத் தேடிப் பாரிசுக்கும் பிறித்தனிக்கும் போனார். தேடியது கிடைக்கவில்லை, அந்த அலைச்சல் 1966இல் ஒரு நூலாயிற்று. 1969இல் அவர் காலமானார். 1990களின் இறுதியிலேயே பாற்றிசியா டாஜியே என்ற ஆய்வாளர் உண்மையை வெளிக்கொணர்ந்தார். 1732இல் கனடாவில் லூயிஸ் பேர்னியேயை மணந்தபோது முன்னோன் கொடுத்த லெ பிறிஸ் டெ கெறுவாக் என்ற பெயரே மாற்றிய பெயர். பிறித்தனியின் உவெல்குவாத் ஊரில், நொத்தாரிசு ஒருவரின் மகனாக அவன் பிறந்தபோது, பெயர் உர்பென்-பிரான்சுவா லெ பிஹான். ஊரில் ஏற்பட்ட களவுப் பழியொன்றின் பின் அவன் கடல்கடந்தான். பேரன் தேடி அலைந்த பெயரை, மறைத்தவனே முன்னோன்!

ஏடே அழிந்தவர்கள் கதை வேறு. 1755இல் ஆங்கிலேயர் அக்காடி நாட்டுப் பிரெஞ்சு மக்களை வீடு வாசல்களினின்று துரத்திக் கப்பல்களில் ஏற்றினர். அவர்களின் பதிவேடுகளுட் பல அழிந்தன. லெப்லான், கோர்மியே போன்ற சில பெயர்களையே பெருந்தொகையினர் கொண்டிருந்தமையால் தகப்பன், பாட்டன் பெயர்களை அடுக்கி ‘தோமாவின் பியேரின் ழான்’ என்று அழைத்தனர். குலவழி நாவிலேயே வாழ்ந்தது. அந்த மக்களின் மீள்வருகையைப் பாடுபொருளாகக் கொண்ட அன்ரொனின் மையேயின் நாவல் 1979இல் பிரான்சின் கொன்கூர்ப் பரிசைப் பெற்றது.

இவர்களிலும் கீழே இருந்தோர் அடிமைகள். வரலாற்றாசிரியர் மார்செல் துறுதெல் 1960இல் இதுபற்றி எழுதியபோது, எமது நாட்டில் அடிமைகளா என்று பலர் முகஞ்சுளித்தனர். ஏட்டிலிருந்தே அவர் நாலாயிரத்துக்கு மேற்பட்டோரை எடுத்துக்காட்டினார். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் ஆதிக்குடியினர். அவர்களின் வரியில் குடும்பப் பெயர் இல்லை. தாய் தகப்பன் பெயர் இல்லை. எசமானின் பெயர் இருக்கிறது. மொன்றியலை எரித்தாளென்று 1734இல் தூக்கிலிடப்பட்ட கறுப்பினப் பெண், மாறி-ழோசேப் அஞ்செலிக் என்ற பெயரால் மட்டுமே அறியப்படுகின்றாள். மாறியும் ழோசேப்பும் அக்காலத்தில் பல குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர்கள்.

இதையெல்லாம் நான் மாணவருக்கு நீண்ட கடிதமாக எழுதினேன். விடை வந்தது. அவருக்கு மகள் பிறந்திருக்கின்றாள். மருத்துவ மனையிற் கொடுத்த படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் இருந்ததாம். மனைவியும் இவரும் கலந்துபேசி, மனைவியின் தகப்பனார் பெயரையும் தம் தகப்பனார் பெயரையும் இணைத்து எழுதினார்களாம். இரண்டும் எமது நீண்ட பெயர்களல்லவா? கட்டத்துக்குள் அடங்கவில்லை, கடைசி ஐந்து எழுத்துகளை ஓரத்தில் எழுதவேண்டி வந்ததாம். முதியவர் அதைக் கேட்டுவிட்டு, தம்முடைய தாளின் பின்பக்கத்தில் முதல் வரியைத் தாமே எழுதிக் கொடுத்தாராம்: கணவன், மனைவி, மணம்புரிந்த ஊர் யாழ்ப்பாணம், ஆண்டு.